ஜிபார்குலின் திரையில்லாக் கணினி

நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இறைச்சிக்கடை வைத்து, நாரின் நகரில் சொந்தமாகக் கீழ்த்தள வீடு வாங்கினேன். எங்கள் கட்டடத்தில் முதல் இணைய இணைப்பும் என் வீட்டுக்குத்தான் வந்தது. அதைப் பத்து வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தது மட்டும் அதே கட்டடத்து ஜிபார்குல்.

இருபத்து நான்கு ஆண்டுகள் தொலைபேசி நிலையத்தில் ஊராரின் பேச்சை இணைத்துவிட்டவள். நிலையத்தை மூடியதும் சந்தையில் காலுறை விற்றாள். ஏதோ அலுவலகம் கழித்துப் போட்ட கணினியை முதுகில் சுமந்து வந்து, இரண்டு நெட்வொர்க் கார்டு செருகினாள். ஒன்றில் என் இணைப்பு நுழைந்தது. மற்றதிலிருந்து புறப்பட்ட கேபிள் ஒரு சின்னப் பெட்டியில் பத்தாகப் பிரிந்து மாடியேறியது. அந்தக் கணினிக்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. என் கூடத்தில், என் மின்சாரத்தில் உறுமிக்கொண்டு கிடந்தது.

மூன்றாம் மாடி நுர்சாத்தின் பிள்ளையை முதல்முறை தொட்டிலில் கிடத்தித் துணிப்பட்டையால் கட்டும் விருந்து. பெரிய கூடம் என்னுடையது என்பதால் எல்லாரும் என் வீட்டில். அவள் கணவன் எல்தியாருக்கு மாஸ்கோவில் கட்டட வேலை. பிள்ளையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. சாப்பாட்டு இடைவேளை அரை மணி. அதற்குள் நுர்சாத்தின் மடிக்கணினியில் பார்த்துவிட வேண்டும். கிழவிகள் பிள்ளையைக் கையில் எடுத்த நேரம், எல்தியாரின் முகம் திரையில் அப்படியே உறைந்து, மறைந்தது.

ஜிபார்குல் கணினி கிடந்த மூலைக்கு ஓடினாள். கணினிமேல் பூவேலை செய்த கம்பளித் துணி, அதன்மேல் நான்கு மெத்தை.

"யாருடி இதைப் போத்துனது?"

"விருந்தாளிங்க முன்னாடி இரும்பை அம்மணமா நிக்க விடச் சொல்றியாக்கா?" என்றாள் என் மனைவி ஜூரா.

"மூச்சு விடுற ஓட்டையெல்லாம் அடைச்சிட்டியே, காய்ச்சல்ல படுத்துருச்சு!"

ஜன்னலைத் திறந்து பனிக்காற்றை உள்ளே விட்டாள். கணினியின் பக்கத்தகட்டைக் கழற்றி, ரொட்டித் தட்டால் விசிறினாள். அதற்குள் கிழவிகள் கட்டி முடித்துவிட்டார்கள், பிள்ளையும் தூங்கிவிட்டது. கணினி மறுபடி உறுமியபோது எல்தியாருக்கு மிச்சம் நான்கு நிமிடம்.

"கட்டை அவுத்து விடுங்க பாட்டி" என்றாள் ஜிபார்குல்.

"தூங்குற புள்ளையவா?"

"அது அப்புறம் தூங்கும். அவங்கப்பன் போயிருவான்."

அவிழ்த்து, மறுபடி கட்டினார்கள். பிள்ளை வீறிட்டது. திரையில் தலைக்கவசத்தோடு எல்தியார் தேம்பினான்.

"அண்ணே, நம்ம கட்டடத்துக்கு நெட்டு யாரு போட்டது?" என்று என்னைக் கேட்டான்.

"என் வீட்டுலதான் தம்பி இருக்கு. நான் அந்தக் காலத்துல..."

"சுருக்கமா பேசுண்ணே" என்றாள் ஜிபார்குல், விசிறுவதை நிறுத்தாமல். "அவன் புள்ளைய பாக்க வந்தான், உன்னை இல்ல."

சுருக்கிக்கொண்டேன். மீதி நேரம் முழுக்கப் பிள்ளையின் அழுகைதான் மாஸ்கோவுக்குப் போனது.