நீல வெளிச்சத்தில் பார்த்த நிறம்

அருள்புரம் பனியன் கம்பெனியில் துணியின் சாயம் சரியா என்று பார்ப்பது என் வேலை. "ஒரே வெளிச்சத்துல பாத்து ஓகே பண்ணாதீங்க, ஜன்னல்கிட்டயும் கொண்டுபோய்ப் பாருங்க" என்று கூட இருப்பவர்களிடம் சத்தம் போடுவேன்.

பிறந்த சில நாளிலேயே என் மகனுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் அதைக் குறைக்க, அப்போது புதிதாக வந்திருந்த எல்.இ.டி. நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் எட்டிப் பார்த்தேன். உடம்பில் மஞ்சளே இல்லை.

"சரியாயிருச்சுங்க சிஸ்டர், ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறோமுங்க" என்று பையைத் தூக்கிவிட்டேன்.

நர்ஸ் விளக்கை அணைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் என் மகன் மஞ்சள் கிழங்கு போலக் கிடந்தான்.

"நீல லைட்டுல மஞ்சள் தெரியாதுங்க. இன்னும் கொறையோணுமுங்க."

விளக்கு மறுபடி எரிந்தது. பையைக் கீழே வைத்தேன். எத்தனையோ துணிகளை ஜன்னலுக்குக் கொண்டுபோன நான், மகனை மட்டும் நான் ஆசைப்பட்ட நிறத்திலேயே பார்த்திருக்கிறேன்.