ஷம்ஷாத் அக்கா ஆட்டிய ஒயர்

ஷம்ஷாத் அக்கா இறந்துவிட்டார். காலையில்தான் அவர் மகன் போன் செய்தான். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்... உத்திரமேரூர் பஸ்ஸில் உட்கார்ந்து இந்தப் பதிவை டைப் செய்கிறேன். இப்போதுதான் ஓரிக்கை தாண்டுகிறது.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கல்யாணம் செய்தவர்களுக்கு அவர் முகம் தெரியாது. ஆனால் அவர் கைவேலை உங்கள் வீட்டு கேசட்டில் இருக்கும். வீடியோ எடுக்க வருவாரே பாய், அவருடைய மனைவி. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்து மிக்ஸிங் செய்தது முழுக்க அக்காதான்.

நான் அங்கே டைட்டில் அடிக்கிற வேலை பார்த்தேன். மாப்பிள்ளை பெயரையும் மாமனார் பெயரையும் மாற்றி அடித்துத் திட்டு வாங்குவது என் டிபார்ட்மென்ட்.

இரண்டு டெக், ஒரு மிக்ஸர், இரண்டு குண்டு டிவி. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது அக்கா டெக்குக்குப் பின்னால் கையை விட்டு வீடியோ ஒயரை லேசாகத் தளர்த்தி ஆட்டுவார். படம் கிழியும், உருளும், மாப்பிள்ளை பச்சை நிறமாகிவிடுவார்.

ஊரில் அதற்கு டிஸ்கோ எஃபெக்ட் என்று பெயர். "எங்குளுக்கும் அந்த டிஸ்கோ போடு பாய்" என்று கேட்டு வாங்குவார்கள். பாய் ஏதோ தானே செய்த மாதிரி தலையாட்டுவார்.

கேமரா முன்னால் மட்டும் அக்கா வரவே மாட்டார். டெஸ்ட் பண்ணக்கூட நிற்க மாட்டார். "எனுக்கு இன்னாத்துக்கு மா படம்? நான் டெக்குக்குப் பின்னால கீறவ. அங்கியே வுட்டுடு."

என் கல்யாணத்துக்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். அதனால் தாலி கட்டும்போது அம்மா மேடைப் பக்கம் வரக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா சமையல்கட்டிலேயே நின்றுவிட்டாள். எனக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு.

கெட்டிமேளம் கேட்டதும் கதவோரம் வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். பாயின் கேமரா மேடைக்குத் திரும்புகிற வழியில் ஒரு நொடி அவள் மேல் பட்டிருக்கிறது. அவ்வளவுதான்...

மிக்ஸிங்கில் அக்கா கண்ணுக்கு அது தப்பவில்லை. அந்த ஒரு நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, தாலி கட்டுகிற இடத்தில் சேர்த்து, யாரும் கேள்வி கேட்காதபடி ஒயரை ஆட்டிவிட்டார்.

கேசட் வந்த அன்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து பார்த்தோம். மாப்பிள்ளை வீட்டார் டிஸ்கோ வந்தது என்று கை தட்டினார்கள். அம்மா மட்டும் என் கையைப் பிடித்து, "ஏ செல்வி... அது நான்டி. தாலி கட்டசொல்ல நானும் கீறேன்டி" என்றாள்.

அடுத்த வருஷமே அம்மா போய்விட்டாள். நடமாடுகிற அம்மா என்று எனக்கு இருந்தது அந்த கேசட் ஒன்றுதான்.

பல வருஷம் கழித்து வீட்டுக்குத் தட்டையான எல்சிடி டிவி வந்தது. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம். அம்மா நினைவு நாளன்று கேசட்டைப் போட்டேன். மேடை, ஐயர், ஓமப்புகை எல்லாம் வந்தது. அந்த இடம் வந்ததும் திரை நீலமாகிவிட்டது. நோ சிக்னல்.

ரீவைண்ட் செய்தேன். மறுபடியும் நீலம். பழைய டிவி என்றால் ஆட்டிக்கொண்டாவது காட்டும். புது டிவி, ஒழுங்காக வராத படத்தைக் காட்டவே காட்டாது. அன்றைக்கு அழுததுபோல் அம்மா செத்தபோதுகூட நான் அழவில்லை.

கேசட்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். டிவிடியில் ஏற்றிப் பார்த்தார். அந்த மெஷினும் அதே இடத்தில் நின்றது. "நான் ஆட்டனது இப்ப வேலய காட்டுது பாரு" என்றார், தனக்குத்தானே.

பரணில் இருந்த குண்டு டிவியை இறக்கினோம். அதில் போட்டதும் அம்மா வந்துவிட்டாள், உருண்டுகொண்டே... அந்தத் திரையையே ஹேண்டிகேமில் எடுத்துவிடலாம் என்றார் அக்கா. ஜன்னலில் போர்வையைக் கட்டினார். "செல்வி, நீ வெளிய போயி குந்து. டிவி கண்ணாடில உன் மூஞ்சி வுழும்" என்று என்னைத் துரத்தினார்.

அக்கா அதை டிவிடியாகப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து புது டிவியில் போட்டேன். அம்மா முகத்தின் மேல் கோடு கோடாக ஓடியது. ஆனால் அம்மா இருந்தாள்.

படம் உருண்டு கறுப்பாகிற நேரத்தில் இன்னொரு முகம் தெரிந்தது. கேமராவின் சின்ன ஸ்கிரீன் வெளிச்சத்தில், முக்காட்டோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு... ஷம்ஷாத் அக்கா. என்னை வெளியே அனுப்பியவருக்குத் தன் முகமும் விழும் என்று தோன்றவே இல்லை.

போனில் சொன்னேன். "அய்ய, பேஜாராப் போச்சே! வெட்டிடு மா அத" என்று பதறினார். வெட்டினால் அம்மாவும் போய்விடுவாள் அக்கா என்றேன்.

"அப்ப வுடு. உங்கம்மா கூடத்தான கீறேன்" என்றார்.

இன்று காலை மகன் அழுதுகொண்டே கேட்டான். "செல்வியக்கா, அம்மா போட்டோ எதனா கீதா உங்ககிட்ட? எங்ககிட்ட ஆதார் கார்டுல கீறதுதான் கீது... அது அம்மா மாதிரியே இல்லக்கா."

டிவிடி என் பையில் இருக்கிறது. அவனுக்கு மட்டும் காட்டப்போகிறேன்.

இங்கே போடவில்லை அக்கா. வெட்டவும் இல்லை.

போய் வாருங்கள்...