திமிங்கிலத்துக்கு முன் இடியப்பம்

லண்டனிலிருந்து மௌவித் தீவுக்கு நேர் விமானம் இல்லை. லொஸ் ஏஞ்சல்ஸில் மாறி, முதுகு விறைத்துப் போய்த்தான் கஹுலுயி விமான நிலையத்தில் இறங்கினோம், நானும் அக்காவும். லண்டனில், குட்மேய்ஸ் வீட்டில் கறி கிண்டும்போதும் போனில் திமிங்கிலம் பார்க்கிறவ அக்கா. ஒன்றையாவது நேரில் பார்க்கவேண்டும் என்று லீவு சேர்த்து வந்தா. வந்த நாள்முதல் மழையும் காற்றும்; படகு ஓடவில்லை. மிஞ்சியது கடைசி நாள். இரவு விமானம்.

காலை ஆறரை. படகு எட்டுக்கு, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மாலேயா துறைமுகத்தில். செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி திலகா, அக்காவோடு பள்ளியில் படித்தவ, வாசலை மறித்து அக்காவைப் பார்த்தா.

“இடியப்பம் அவிச்சிட்டன். சொதி கொதிக்குது. திமிங்கிலம் எங்கயடி ஓடப்போகுது?”

“படகு ஓடும், திலகாக்கா” என்றேன்.

“விடிய வெள்ளன எழும்பி அவிச்சிருக்கிறாள். சாப்பிடாமல் போனால் என்ன நினைப்பாள்? இரடா” என்றா அக்கா.

இருந்தேன். பிறகு முட்டைப் பொரியல். பிறகு தேத்தண்ணி. துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது படகு கடலில் சின்னப் புள்ளி. பிற்பகலுக்கு டிக்கெட்டை மாற்றித் தந்த பெண், “பின்னேரம் காற்று எழும்பும்” என்றாள்.

பிற்பகல் ஒன்றரைக்குப் படகேறினோம். அவ்அவ் என்கிற நீரிணையைச் சுற்றித் தீவுகள் காவல் நிற்கின்றன. அலை குறைவு என்றுதான் திமிங்கிலங்கள் குட்டி போட அங்கே வருகின்றன. ஆனால் துறைமுகத்திலிருந்து நீரிணைக்குப் போகும் வழிக்கு ஒரு காவலும் இல்லை; அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. காலையில் அக்கா சாப்பிட்ட இடியப்பம் முழுவதும் கடலுக்குப் போயிற்று. அக்கா கண்ணை மூடிக் கம்பியில் தலையைச் சாய்த்தா.

அப்போதுதான் திமிங்கிலம் ஒன்று எங்களை நோக்கி வந்தது. தானாக வரும் திமிங்கிலத்தைக் கண்டால் எஞ்சினை நிறுத்தி, அது போகும்வரை நிற்கவேண்டும். நின்றோம். அது படகோடு ஒட்டிக் கிடந்தது.

“அக்கா, கண்ணைத் திறவுங்கோ!”

“ஏலாதடா. நீயே பார்.”

“நான் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?”

திமிங்கிலம் மூச்சு விட்டது. அழுகிய மீன் நாற்றத்தோடு தண்ணீர் எங்கள் தலையில் கொட்டியது.

“ஆரடா தண்ணி ஊத்தினது?” அக்கா கோபத்தோடு கண்ணைத் திறந்தா. ஒரு பாய் விரிக்கிற தூரத்தில் கறுத்த முதுகு. அது தாழ்ந்து போகும்வரை அக்கா வாயைக்கூடத் துடைக்கவில்லை.

நேற்று குட்மேய்ஸில் அக்கா வீட்டில் ஒரு சாமானைக் கொடுத்துவிட்டு, ரயில் பிடித்து வேலை ஷிப்டுக்கு ஓடப் பார்த்தேன். யாருக்கோ போனில் திமிங்கிலக் கதை சொல்லிக்கொண்டே அக்கா வாசலை மறித்தா.

“புட்டு அவியுது. ரயில் எங்கயடா ஓடப்போகுது?”

ரயில் ஓடிவிட்டது.