செல்வியின் தாடையில் ஒரு கறை

போன வாரம் சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ‘டிஜிட்டல் அருங்காட்சியகம்’ திறந்தார்கள். பழைய பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், காலண்டர் படம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களாம். மேடை ஏறிய அத்தனை பேரும் ‘பாரம்பரியம்’ என்றார்கள். நான் போனது பாரம்பரியத்துக்காக அல்ல. எங்கள் தெரு முத்துமாரிக்காக.

“கூட வாங்க அண்ணாச்சி. எம் மவளப் பெருசாக் காட்டுறாகளாம்.”

முத்துமாரிக்குப் பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலை. மகள் செல்வி சிறுமியாக இருந்தபோது, பக்கத்து பிரஸ்காரர் அவளை போட்டோ எடுத்துக் கம்பி மத்தாப்பு லேபிளில் போட்டார். தெருவில் துறுதுறுவென்று ஒரு பிள்ளை இருக்க, காசு கொடுத்து வெளியூர் மாடலையா கூட்டி வருவார்கள்? கையில் மத்தாப்பு, முகம் நிறையச் சிரிப்பு. அடுத்த வருடமே மூளைக்காய்ச்சலில் செல்வி போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோ, ஓடு ஒழுகி மழையில் ஊறிப்போனது. மிஞ்சியது அந்த லேபிள் மட்டும்தான். சாமி படத்துக்குப் பக்கத்தில் முத்துமாரி அதை ஒட்டி வைத்திருந்தார்.

அதைப் போய் ஏன் ஸ்கேன் செய்யக் கொடுத்தார் என்று கேட்கிறீர்களா? எங்கள் ஊரில் அச்சடித்த தாளை யாரும் பொத்திப் பாதுகாப்பதில்லை. பிரஸ்ஸில் மிஞ்சிய ஷீட்டில்தான் நோட்டுக்கு அட்டை போடுவோம், அலமாரியில் விரிப்போம், வடை மடிப்போம். ஒன்று கிழிந்தால் பிரஸ்ஸில் கேட்டால் ஒரு கட்டே தருவார்கள். அச்சடித்த எதையும் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம்... இந்த நம்பிக்கையிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். ஸ்கேன் செய்ய வந்தவர்கள் “புதுசாவே போட்டுத் தர்றோம்மா” என்றதும், சுவரிலிருந்து உரித்துக் கொடுத்துவிட்டார். அந்த பிரஸ் எப்போதோ மூடி, அச்சு பிளேட்டெல்லாம் பழைய அலுமினியமாக எடைக்குப் போனது அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

திரையில் ஆளுயரத்துக்கு செல்வி வந்தாள். கீழே ‘மத்தாப்புச் சிறுமி’ என்று எழுதியிருந்தது. மண்டபம் கைதட்டியது. முத்துமாரி மட்டும் தட்டவில்லை.

“அண்ணாச்சி, இது எம் மவ மாதிரி இருக்கு.”

“மாதிரி என்ன? செல்விதானே?”

“தாடையில தளும்பு இருக்கும். மத்தாப்புப் பொறி பட்டது. அதக் காணோமே.”

லேப்டாப் வைத்திருந்தவரிடம் கூட்டிப் போனேன். சென்னைக்காரர், மரியாதையான ஆள்.

“தழும்பாம்மா அது? கறைன்னு நினைச்சு சாஃப்ட்வேர் க்ளீன் பண்ணிடுச்சு. மங்கியிருந்த கலரையும் தூக்கிவிட்டிருக்கு. இப்ப எவ்வளவு அழகா இருக்கா பாருங்க.”

“எனக்குப் பளசே போதும் தம்பி. அதக் குடுத்துருங்க.”

பழசு? உரிக்கும்போதே நைந்திருந்ததாம். ஸ்கேன் செய்துவிட்டு எடுக்கும்போது தூளாகிவிட்டதாம். சரி, முதலில் எடுத்த ஸ்கேனாவது? “ஃபைல் ரொம்பப் பெருசு சார். ஃபைனலை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை டெலீட் பண்ணிட்டோம்.”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பாரம்பரியத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் இருந்த ஒன்றையும் தொலைத்து, அதன் நகலையும் அழித்துவிட்டு, யாரோ ஒரு பிள்ளைக்குப் பவுடர் பூசித் திரையில் விட்டிருக்கிறார்கள். இந்தப் பிள்ளை யார், முகத்தில் இருப்பது என்ன என்று பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதாதா? வீடு தேடி வந்துதானே வாங்கிப் போனார்கள்?

அந்தத் தழும்பையாவது திரும்ப வைத்துத் தரச் சொன்னேன். அவர் தயங்காமல் கேட்டார்:

“கண்டிப்பா சார். அது எப்படி இருக்கும்னு பழைய போட்டோ ஏதாவது இருக்கா?”

லேமினேஷன் செய்த ஒரு பிரிண்டை முத்துமாரியின் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

முந்தாநாள் அவர் வீட்டுக்குப் போனேன். படம் பழைய இடத்திலேயே தொங்கியது. தாடையில் கறுப்பாக ஒரு சின்னத் தீற்றல். திருஷ்டிப் பொட்டு என்றுதான் நினைத்தேன்.

“தளும்பு அங்கனதான் இருக்கும் அண்ணாச்சி. கண்மை வச்சேன். அந்த வளுவளுப்புல நிக்க மாட்டேங்குது. அளிஞ்சா மறுக்கா வச்சிக்கிடுதேன்.”

வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் கறை என்று அதைத் துடைத்துவிடாமல் இருக்கவேண்டும்.