பாம்பா, வாள்காரியா

அடைக்கலமேரிக்கு முதலாளி என்று ஒருவர் உண்டென்றால் அது வெயில்தான். லாட்ஜ் மேனேஜர் காசிநாதன் எல்லாம் அதற்கு அடுத்தபடி. பதினோரு வருடமாக அந்த லாட்ஜின் துண்டுகளை எடுத்துவந்து, கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் தன் வீட்டுக்குப் பின்னால் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் பிழைப்பு. துவைப்பது ஒரு பெரிய காரியமா? கையும் சோப்பும் இருந்தால் யாரும் துவைப்பார்கள். கொடைக்கானலில் ஐப்பசி மாதம் காயவைத்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம். வெயில் வரும், வந்த காலோடு திரும்பிப் போகும். மேகம் இறங்கிவிடும். கொடியில் கிடக்கும் துண்டு பாதி காய்ந்து, இதற்குமேல் முடியாது என்று அடம்பிடிக்கும். மறுநாள் அதில் ஒரு வாடை எழும் பாருங்கள், மழையில் நனைந்த நாய் பக்கத்தில் வந்து நின்றதுபோல.

புருஷன் போய் ஒன்பது வருடம். ஒரே மகன் பென்சன், இருபத்தாறு வயது. வீட்டின் முன்னறையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு கேம்ஸ் சென்டர் நடத்தினான். வாசலில் இங்கிலீஷில் போர்டு, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி நாலு, சுவரில் ரேஸ் கார் படம். அந்த அறைக்கு அவன் ஒரு சட்டம் வைத்திருந்தான்: துண்டு என்ற பேச்சே அங்கே வரக்கூடாது. "கஸ்டமர் வர்ற எடம்மா இது" என்பான். அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள் என்று யாராவது கேட்டால், "லாட்ஜ்ல ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லிவிட்டு மவுஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான். ஒருநாள் அது அவள் காதிலும் விழுந்தது. சுருக்கென்றுதான் இருந்தது. பெற்றவளாயிற்றே, ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் அவன் சென்டருக்கு ஒரு கஷ்டம் வந்தது. புதிதாக வந்த கேம்கள் அவனுடைய பழைய பெட்டிகளில் ஓட மறுத்தன. துப்பாக்கியோடு ஓடுகிறவன் நொண்டினான். குண்டு வெடித்தால் சத்தம் முதலில் வந்தது, நெருப்பு பிறகு வந்தது. இதற்கு மருந்து கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டருக்குள் செருகுகிற பலகை அது. திரையில் தெரிகிற படத்தையெல்லாம் அதுதான் வரைந்து தள்ளும். அதில் இரண்டு பெரிய கம்பெனிகள், இரண்டும் ஜென்மப் பகை. திண்டுக்கல்லில் சாமான் விற்கும் பாலகுமார், பஸ் கண்டக்டர் கையில் இரண்டிலும் ஒவ்வொன்று கொடுத்தனுப்பினார். பத்து நாள் ஓட்டிப் பார்க்க வேண்டியது. பிடிக்காததைத் திருப்பி அனுப்பினால், பிடித்த கம்பெனியில் இன்னும் மூன்று வரும்.

கம்பெனிப் பெயர் இரண்டும் அடைக்கலமேரியின் வாயில் நுழையவில்லை. பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்து அவளே பேர் வைத்தாள். ஒரு பெட்டியில் சிறகு முளைத்த பாம்பு ஒன்று தீயைக் கக்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ஒரு பெண் வாளோடு நின்றாள். வாள் பெரிது, துணி சிறிது. அடைக்கலமேரி பழைய காலண்டர் தாளைக் கிழித்து, அந்தப் பெண்ணுக்குக் கழுத்திலிருந்து முழங்கால்வரை ஒட்டிவிட்டாள். பாம்பு, வாள்காரி என்ற பேர் சென்டரிலும் நிலைத்துவிட்டது.

அடுத்தடுத்த இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டையும் பொருத்தினான் பென்சன். அவ்வளவுதான், மறுநாளே ஊர் இரண்டுபட்டது. வாள்காரி கட்சிக்குத் தலைவன் யோகேஷ். பஸ் ஸ்டாண்டு பக்கத்து போட்டோ ஸ்டுடியோவில் வேலை. ஸ்டுடியோ திறக்குமுன் தினமும் காலையில் இங்கே ஒரு மணி நேரம் சுட்டுவிட்டுத்தான் போவான். வாள்காரிதான் வேகம், சத்தமே இல்லை, பச்சைத்தண்ணி மாதிரி குளுமையாக இருக்கிறது என்பது அவன் கட்சி. பாம்பில்தான் புகையும் நெருப்பும் நிஜம்போலத் தெரிகிறது என்பது எதிர்க்கட்சி. டீ ஆறும்வரை கத்துவார்கள். இப்படி அடித்துக்கொள்வதற்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் இவர்களுக்கு மாமனா, மச்சானா?

மூன்றாம் நாள் முன்னறையைக் கூட்டும்போது அடைக்கலமேரியின் கை, மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் போனது. பாம்பு இருந்த கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து சூடான காற்று வந்து கையில் மோதியது. அவள் கையை எடுக்கவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு கையையும் நீட்டினாள். எட்டு நாளாக மழை. எட்டு நாளாக அவள் அப்படி ஒரு காற்றைக் கண்டதில்லை.

அன்று மத்தியானமே அந்தச் சந்துக்குள் ஒரு கயிறு ஏறியது. மேசை மறைத்ததால் வெளியே ஒன்றும் தெரியாது. பென்சன் சாப்பிட உள்ளே போகும்போது அவள் கூட்டுவதுபோல வந்து, அரை ஈரத் துண்டுகளைப் போட்டுவிட்டுப் போவாள்; அவன் குளிக்கப் போகும்போது எடுத்துக்கொள்வாள். நாலே நாளில் எந்தக் கட்சிக்காரனுக்கும் தெரியாத கணக்கெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பாம்பு ஒரு மணி நேரம் ஓடினால் பெரிய துண்டு நாலு காயும். வாள்காரி ஒன்றுதான் காயவைப்பாள், அதையும் மனசில்லாமல். கிரிக்கெட் கேம் போட்டால் கைக்குட்டைகூடக் காயாது. சுடுகிற கேம்தான் நல்லது. அதிலும் கட்டடம் பற்றி எரிகிற கட்டம் வந்துவிட்டால் கொண்டாட்டம்தான்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே சிலுவை போட்டுக்கொள்கிறவள் அவள். அவளே இஞ்சி தட்டிப்போட்ட கடுங்காப்பியோடு வந்து, "ஏன் தம்பி கிரிக்கெட்டையே போட்டுக்கிட்டு? அந்தச் சுடுற கேமைப் போட்டா என்ன?" என்று கேட்டபோது பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் இதற்கும் சேர்த்து அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காசிநாதன் கூப்பிட்டு அனுப்பினார். "மேரி, ஞாயித்துக்கெழமை வெள்ளனே கல்யாண கோஷ்டி வருது. நாப்பது துண்டு நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள வேணும். போன வாரம் ரெண்டு ரூம்ல வாடை அடிக்குதுன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. இந்தத் தடவையும் ஈரம்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. வத்தலக்குண்டுல மிஷின் லாண்டரிக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

வத்தலக்குண்டுக்காரன் ஒருதடவை உள்ளே நுழைந்தால் அவள் அப்புறம் யாருடைய துண்டைத் துவைப்பது? பாம்பு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், முன்னறையில் ஓட்டெடுப்பு முடிந்திருந்தது. வாள்காரிக்கு ஒன்பது, பாம்புக்கு நாலு. பாம்பு சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குத் திரும்புகிறது.

சனிக்கிழமை காலை, யோகேஷும் இரண்டு மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பென்சன் ஸ்குரூ டிரைவரோடு மேசைக்கடியில் நுழைந்தான். தலையில் ஒரு துண்டோடு வெளியே வந்தான்.

"அம்மா, இது என்ன?"

"துண்டு."

"துண்டுன்னு தெரியுது. இங்க என்ன சோலி அதுக்கு?"

"காயுது" என்றாள் அடைக்கலமேரி. "பாம்பைக் கழட்டாதய்யா. இன்னைக்கு நாப்பது துண்டு காயலைன்னா லாட்ஜ் சோலி நம்ம கைய விட்டுப் போயிரும்."

பென்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. யோகேஷ் சமாதானம் சொல்ல வந்தான். "ஆன்ட்டி, பாம்பு ரொம்பச் சூடாகுது. கார்டுக்கு அது ஒரு பெரிய குறை."

"யாருக்குக் குறை? வெயில் கொளுத்துற திண்டுக்கல்காரனுக்குக் குறை. இங்க யாருக்குய்யா குறை? நீ வாள்காரி கட்சிதானே? தெனம் காலையில வந்து பாம்புக்கு முன்னால ஏன் உக்காருற? சாக்ஸைக் கழட்டிட்டுக் காலை ஏன் உள்ள நீட்டுற?"

"அந்த நாற்காலி நல்லாருக்கு ஆன்ட்டி."

"நாலு நாற்காலியும் ஒரே கடையில வாங்கினது."

யோகேஷ் ஓர் அடி பின்வாங்கினான். பென்சன்தான் விடவில்லை. "கஸ்டமர் வர்ற எடத்துல துண்டைக் கொண்டாராதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றான்.

"ஏலே, இந்தப் பெட்டி நாலும் எதுல வந்துச்சு? துண்டுலதான வந்துச்சு? நீ படிச்சது எதுல? உனக்கு வெக்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. துண்டை ஈரத்தோட கொண்டுபோய்க் குடுத்து, அந்த ஆளு மோந்து பாத்து மூஞ்சியச் சுளிக்கும்போது வரும் பாரு, அதுதான் எனக்கு வெக்கம்."

பென்சன் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். ஓரம் காய்ந்து நடு ஈரமாக இருந்தது.

"இன்னும் எத்தனை பாக்கி?"

"முப்பத்தொண்ணு."

அவன் ஸ்குரூ டிரைவரை மேசைமேல் வைத்துவிட்டுப் பாம்பின் முன்னால் உட்கார்ந்தான். "யோகேஷ், நீ வாள்காரிய எடு. மத்த ரெண்டையும் ஓட விடுங்கடா. யாரும் கிரிக்கெட் போடக்கூடாது."

அன்றைக்கு அந்த சென்டரில் நடந்த யுத்தம் எந்தக் கட்சிக்காகவும் நடக்கவில்லை. குட்டு வெளிப்பட்டபின் மறைக்க என்ன இருக்கிறது? நாற்காலி முதுகில் துண்டு, மானிட்டர் தலையில் துண்டு, ரேஸ் கார் படத்துக்கு மேலேயும் துண்டு. யோகேஷ் போன் போட்டு ஸ்டுடியோவில் வயிற்றுவலி என்று சொன்னான். ஒருவன் எழுந்தால் அடுத்தவன் உட்கார்ந்தான். அடைக்கலமேரி பின்னால் நின்று அதிகாரம் பண்ணினாள். "ஏன்யா பனிக்குள்ள ஓடுற? அந்தக் கட்டடம் எரியுதே, அங்க போய் நில்லு."

"அங்க நின்னா என்னையச் சுட்டுருவாங்க ஆன்ட்டி."

"சுட்டா என்ன, மறுபடி எந்திரிச்சு வருவேல்ல? நில்லு."

நின்றார்கள். எரிகிற கட்டடத்துக்கு முன்னால் நின்று, சுடாமல், செத்துச் செத்துப் பிழைத்தார்கள். துண்டு காய்ந்தது.

மூன்றரை மணிக்கு நாற்பதாவது துண்டை மடித்து மூட்டை கட்டும்போது, நம்பிக்கை இல்லாமல் காசிநாதனே குடையோடு வந்துவிட்டார். ஒரு துண்டை எடுத்து உதறினார், கன்னத்தில் வைத்தார், மோந்து பார்த்தார். இளஞ்சூடு.

"இந்த மழையில எப்படி மேரி?"

அடைக்கலமேரி மகனைப் பார்த்தாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பின்னால கொஞ்ச நேரம் வெயில் அடிச்சுச்சு சார்" என்றாள்.

காசிநாதன் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "எங்கயோ அடிக்கட்டும். வத்தலக்குண்டுக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்று மூட்டையைத் தூக்கச் சொன்னார்.

அவர் படி இறங்கியதும் பென்சன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். வாள்காரி இருந்த கம்ப்யூட்டரைத் திறந்தான்.

"டேய், ஒன்பதுக்கு நாலு" என்றான் யோகேஷ்.

பென்சன் வாள்காரியைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்து மூடிவிட்டு, பாலகுமாருக்கு போன் போட்டான். கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

"அண்ணே, பாம்புப் படம் போட்டதே மூணு ஏத்தி விடுங்க. மத்தது இப்ப பஸ்ல வருது."

எதிர்ப்பக்கம் பாலகுமார் போட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. "பாம்பா? தம்பி, இங்க கீழ எல்லாரும் சூடு தாங்கலைன்னு அதைத் திருப்பிக் குடுத்துக்கிட்டு இருக்கான். எங்கிட்ட ஏழு தூங்குது. உங்க ஊரு பசங்களுக்கு கிராபிக்ஸ் அவ்வளவா பிடிச்சுப்போச்சு?"

பென்சன் தன்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

"கிராபிக்ஸுக்கு இல்லண்ணே. எங்கம்மா லாட்ஜுக்குத் துண்டு துவைக்கிறாங்க. அது காயணும்."

அடைக்கலமேரி சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கரித்தது. அங்கே இருந்த ரேஸ் கார் படத்தை முந்தானையால் துடைத்தாள்.

போனில் பாலகுமாரின் குரல், இப்போது வியாபாரக் குரல், மெதுவாக வந்தது. "தம்பி, ஊட்டி, மூணாறு பக்கமெல்லாம் எனக்குப் பார்ட்டி இருக்கு. மணிக்கு எத்தனை துண்டு காயும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. அம்மாகிட்டயே கேளுங்க" என்று பென்சன் போனை நீட்டினான்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"பெருசுன்னா நாலுங்க" என்றாள். "சின்னதுன்னா ஒம்பது. ஆனா கிரிக்கெட் போட்டா நான் பொறுப்பில்ல."