பத்து விரலும் ஒரு பழமொழியும்

என் மைத்துனனுக்கு வாத்தியார் வேலை கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான்தான். போலீஸ் ஸ்டேஷன் இல்லை, கல்வி அலுவலகம் இல்லை, நான். இவ்வளவு நேராக இதை என் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. தூத்துக்குடியில் கடலை ஒட்டிய தெரு எங்களுடையது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தோணியில் ஏறும் மூட்டைகளுக்குக் கோடு போட்டுக் கணக்கு எழுதுகிற வேலை. கடைப் பொட்டலத் தாளை விரித்து வாசித்ததும், பேசத் தெரிந்தவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும்தான் என் படிப்பு. நல்ல சொலவடை ஒன்று காதில் விழுந்துவிட்டால், பொழுது சாய்வதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிடுவேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நானும் அப்படித்தான் பிழைத்தேன். தெருவில் யாருக்காவது சர்க்கார் தாள் வந்தால், "அவனிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க" என்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

என் மாமி, அதாவது வீட்டுக்காரியின் அம்மா, மீன் கூடை சுமந்தவர். மாமா கடலோடு போய்விட்டார். அந்தக் கூடையை வைத்தே மகனை ஆசிரியர் பயிற்சி வரைக்கும் படிக்க வைத்தார். மாமிக்கு எழுத்து தெரியாது. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் இடது பெருவிரலை நீட்ட வேண்டும். மை தடவுகிறவன், "கைநாட்டுதானா?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்பான். "எம் புள்ள வெரல்ல மை படக்கூடாது. பட்டா பேனா மைதான் படணும்" என்று மாமி சொல்லிக்கொண்டே இருப்பார்.

மைத்துனன் ஒரு பழைய தோணிப் பலகையில் கரி பூசி, சுவரில் சாய்த்துவைத்து எழுதிப் பழகுவான். என்னை வாசலுக்கு வெளியே தள்ளி நிறுத்துவான்.

"அத்தான், கடைசி பெஞ்சுக்குத் தெரியுதா?"

"கொழும்பு வரைக்கும் தெரியுது மாப்ளே!"

உடன்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இடம் வந்தது. போலீஸ் விசாரணை முடிந்து 'நன்னடத்தை உள்ளவர்' என்று தாள் போனால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சேர்ந்துகொள்ளலாம்.

அங்கேதான் சிக்கல். எங்கள் தெருக்களில் பிள்ளைக்குத் தாத்தா பேரை வைப்பார்கள், இல்லையென்றால் பிறந்த வாரத்துப் புனிதர் பேரை வைப்பார்கள். கூடவே ஒரு குடும்பப் பேர். மொத்தத்தில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சமாளிக்கிறோம். ஆளை அடையாளம் காண்பது பட்டப்பேரை வைத்துத்தான். மைத்துனன் பேரும் அவன் தகப்பனார் பேரும் அப்படியே இன்னொருவனுக்கும் இருந்தன. அவன் கள்ளத்தனமாகக் கைக்கடிகாரம் இறக்கிப் பிடிபட்டு, தண்டனையும் பெற்றவன். ஊரில் அவனை நண்டு என்றால் குழந்தைக்கும் தெரியும். போலீஸ் தாளில் நண்டுக்கு இடமில்லை. கடத்தல் என்றாலே எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த காலம் வேறு.

ஏட்டய்யா தங்கமான மனுஷர். மைத்துனனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ அவன் இல்லன்னு எனக்குத் தெரியும் தம்பி. மெட்ராஸ்ல இருக்க தாளுக்குத் தெரியாதுல்லா? பத்து வெரலையும் உருட்டிக் குடு. அவன் ரேகையோட ஒத்துப் பாத்து, இவன் வேற ஆளுன்னு எழுதி அனுப்பிருவாவ. பெறவு ஒருத்தனும் ஒன்னியக் கேக்க முடியாது."

அவனும் சரி என்று ஒரு காலை நேரம் போய்விட்டான். போன சேதி மீன் கடைக்கு எப்படிப் போயிற்றோ, மாமி கூடையை அங்கேயே போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"மருமவனே, கள்ளனுக்கு உருட்டுத மாதிரி எம் புள்ள கைய உருட்டுதாவளாமே! நான் நாட்டுன கைநாட்டு காணாதா? நீங்க போயி கூட்டிட்டு வாருங்க."

போனேன். மேசைமேல் கண்ணாடிப் பலகை, அதில் கறுப்பு மை. மைத்துனன் வெள்ளைச் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு நின்றான். தாளில் பத்துக் கட்டம். முதல் கட்டத்தில் வலது பெருவிரல் அழகாக விழுந்திருந்தது.

"மாப்ளே, கைய எடு" என்றேன்.

"ஒம்பது வெரல்தான் பாக்கி அத்தான்."

"பாக்கியாவே இருக்கட்டும். ஏட்டய்யா, பனமரத்துக்குக் கீழ நின்னு பாலக் குடிச்சாலும் ஊரு கள்ளுன்னுதான் சொல்லும். ஸ்டேஷன்ல பத்து வெரலு வச்சவன உடன்குடிப் பனங்காட்டுக்காரன் வாத்தியார்னு மதிப்பானா?"

எழுதிக்கொண்டிருந்த ரைட்டர்கூடச் சிரித்துவிட்டார். ஏட்டய்யா சிரிக்கவில்லை.

"பாலுதான்னு காட்டத்தான அண்ணாச்சி, செம்பக் கேக்கேன்?" என்றார்.

அடடா என்று இருந்தது. என்ன மாதிரி பதில்! அதை அப்படியே மனசில் முடிந்துவைத்துக்கொண்டேன். அவர் சொன்னதன் ருசிதான் எனக்குத் தெரிந்தது, பொருள் ஏறவில்லை. மைத்துனன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டேன். அவன் என்னை எதிர்த்துப் பேசிப் பழகாதவன். வீட்டில் அவன் அக்கா, அதாவது என் வீட்டுக்காரி, மண்ணெண்ணெய்த் துணியால் அவன் பெருவிரலைத் தேய்த்துக்கொடுத்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் போய், ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டு பேருக்கும் தேதி வேறு, ஞானத்தகப்பன் வேறு என்று எழுதி வாங்கினேன். கோயில் முத்திரையோடு அதைத் திருநெல்வேலி வரை கொண்டுபோனேன். அங்கே இருந்த கிளார்க் வாசித்துவிட்டு மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார்.

"பொறந்த தேதி நாங்க கேக்கலியே. ஸ்டேஷன்ல இருந்து வாரது வரணும்."

திரும்பி வந்து, பத்து விரலையும் கொடுத்துவிடலாம் என்று மைத்துனனோடு ஸ்டேஷன் வாசலில் நின்றபோது ஏட்டய்யா மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு எங்களைத் தெரியாது. நாளைக்கு வா, திங்கள்கிழமை வா என்றார். அவர் மைப்பலகையை எடுப்பதற்குள் ஜூன் வந்துவிட்டது. பட்டியலில் அடுத்து இருந்தவர் உடன்குடிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் மைத்துனனுக்கு அழைப்பு வரவில்லை. அவன் உப்பு மூட்டை ஏற்றப் போனான். கரும்பலகையை மாமி தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நாந்தான கூட்டிட்டு வரச் சொன்னேன்" என்று தன்மேலேயே போட்டுக்கொண்டார். அந்தப் பழியை நான் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளவும் இல்லை.

சில வருஷம் கழித்துப் பெரிய துறைமுகத்தில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றைக்கு ஆபீசில் ஒரு பதிவேட்டை விரித்து, "இடது கையக் குடுங்க, அஞ்சு வெரலும்" என்றார் குமாஸ்தா.

"எதுக்குங்க? கையெழுத்துதான் போட்டுட்டனே?"

"சர்க்கார் வேலன்னா எல்லாருக்கும் உண்டு அண்ணாச்சி. வாத்தியாரா இருந்தாலும் இதே புஸ்தகம்தான், இதே மைதான்."

ஐந்து விரலையும் கொடுத்தேன். பனைமரமும் பாலும் அப்போது எங்கே போயிற்றோ தெரியாது.

வெளியே குழாயடியில் எவ்வளவு தேய்த்தும் மை போகவில்லை. உப்பு ஏற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்த மைத்துனன் என் கையைப் பார்த்தான். 

"தண்ணிக்கெல்லாம் போவாது அத்தான். மண்ணெண்ண வேணும்."

லாரிக்காரரிடம் சாக்குத் துண்டில் கொஞ்சம் நனைத்து வாங்கிவந்தான். என் கையைப் பிடித்து, பெருவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக அவனே துடைத்துவிட்டான். உப்பு அரித்த அவன் கை சொரசொரவென்று இருந்தது. "மை போயிட்டு" என்று சொல்லிவிட்டு மூட்டைப் பக்கம் நடந்தான்.