உப்புப் பார்க்க ஆளில்லாத பன்றிக்கறி

ஆர்கைல் ரோடு அன்னமேரிக்கு உலகத்தில் இரண்டு பேரிடம்தான் பயம். ஒருவர் கடவுள். மற்றவர் கணவனின் அண்ணன் மனைவி அமலம்மாள். கடவுளாவது மன்னிப்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஈஸ்டர் விருந்தில் அமலம்மாள் ஒரு வாய் கறியை மென்றுவிட்டு, "உப்பே இல்லையே, அன்னம்" என்றாள். "உங்க நாக்குல இல்லக்கா" என்று அன்னமேரி சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோன அமலம்மாள் அதற்கப்புறம் இந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. அண்ணனும் தம்பியும் கோயில் வாசலில் குசலம் விசாரித்துக்கொள்வதோடு சரி. இந்த வருடம் பங்குச் சாமியார் தலையிட்டு, பெரிய சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தார். இதுவும் கெட்டால் இனி சாவு வீட்டில்தான் சேருவோம் என்று அன்னமேரி கணவனிடம் புலம்பினாள்.

"வழக்கமான கறி வேணாம்" என்றான் கணவன் ஆர்தர். அவன் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. ஜமைக்காத் தீவைச் சேர்ந்த கப்பல் சமையல்காரன் ஒருவன் அவனுக்கு ஒரு கறியைச் சாப்பிடக் கொடுத்து, பக்குவமும் சொல்லி, அந்த ஊர் மிளகைக் கைக்குட்டையில் முடிந்து தந்திருந்தான். பன்றித் தொடையை அந்த மிளகோடு சிலி பாடி என்கிற ஊசிமிளகாய், பூண்டு, எலுமிச்சை, வெல்லம் சேர்த்துப் புரட்டி ஊறவைக்க வேண்டும். வாழையிலையில் பொதிந்து, மூடிய சட்டியில், தணலில் ராத்திரி முழுக்க வேகவிட வேண்டும். பிறகு முள்கரண்டியால் இழுத்தால் நார் நாராக வருமாம்.

பெரிய வெள்ளியன்று கறியைப் புரட்டி வைத்துவிட்டு அன்னமேரி கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தால் உப்பு ஜாடி இடம் மாறியிருந்தது.

"நீங்க உப்பு போட்டீங்களா?"

"உனக்குத்தான் உப்புல கை வராதே. கொஞ்சம்தான் லா."

"ஐயோ, நான் போட்டாச்சே!"

ஆர்தரின் 'கொஞ்சம்' எவ்வளவு என்று ஆர்தருக்கே தெரியாது. கழுவினால் மிளகும் போய்விடும். ஒரு துண்டை வாட்டி வாயில் போட்டால் தெரிந்துவிடும். ஆனால் தபசுக்காலம் முடிய நாளை மத்தியானம் கோயில் மணி அடிக்க வேண்டும். அதுவரை இறைச்சியை நாக்கில் வைத்துத் துப்பினாலும் பாவம் பாவம்தான்.

வாட்டிய துண்டோடு, பதற்றத்தில், பக்கத்து வீட்டு ஹாஜராவின் வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, உங்களுக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா? பன்னிக்கறிக்கு நானா உப்பு பாக்கணும்?"

எதிர்வீட்டுச் சீனக்காரி கிம் நோன்யா தினமும் பன்றிக்கறி தின்பவள். அவளோ ஊதுபத்தியும் கையுமாக வந்து, இன்று பௌர்ணமி, காய்கறி மட்டும்தான் என்று மலாயில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். தெருவில் மூன்று மதம் இருந்து என்ன பிரயோசனம்? ஒரு துண்டுக் கறிக்கு உப்புப் பார்க்க நாதியில்லை. அன்னமேரி ஜெபமாலை சொல்லிக்கொண்டே சட்டியைத் தணலில் ஏற்றினாள்.

சனிக்கிழமை மணி அடித்தபோது அவர்கள் ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கறி சொன்னபடி நார் நாராக வந்தது. முதல் வாய் அமலம்மாளுக்கு.

அவள் மென்றாள். கண்ணில் நீர் கட்டியது. ஆர்தர் ஒரு வாய் வைத்துவிட்டு முகட்டைப் பார்த்தான். அண்ணன் வில்லியம் தண்ணீரை எட்டி எடுத்தார்.

"சோறு போடு" என்றாள் அமலம்மாள். போட்டாள். "இன்னும் போடு." தட்டில் ஒரு நார் மிச்சமில்லாமல் தின்று முடித்து, கூஜாத் தண்ணீரையும் காலி செய்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"உப்பு இருக்கு, அன்னம்."

அன்னமேரி ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தாள். கருவாடு தோற்றது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அக்கா, இத எப்படிக்கா தின்னீங்க?"

"மூணு வருஷமா நானும் அவரும் பண்டிகைக்கு ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டுத் தின்னோம். அதுக்கு இது தேவல. போய்த் தண்ணி கொண்டா."